தைராய்டு மாத்திரை போட்டும் சோர்வு ஏன் கூடியது? ஹார்மோன் கோளாறுகள் பற்றி ஒரு விரிவான பதில்

வேலூர் மாவட்டம் குடியாத்தம் பக்கத்திலிருந்து ஒருவர் கேட்டிருக்கும் கேள்வி இது. அவருடைய அக்காவுக்கு வயது 34. மூன்று வருடத்துக்கு முன்னால் இரண்டாவது பிரசவம். ரத்தப்போக்கு நிற்காமல் பாட்டில் பாட்டிலாக ரத்தம் ஏற்றினார்கள். குழந்தைக்குத் தாய்ப்பால் சுரக்கவே இல்லை. அதற்குப் பிறகு மாதவிலக்கும் வரவில்லை. இப்போது எந்நேரமும் சோர்வு, தலைசுற்றல், குளிர் தாங்க முடியவில்லை. லேபில் ஒரு பேக்கேஜ் டெஸ்ட் எடுத்ததில் டி.எஸ்.எச். (தைராய்டை ஏவும் ஹார்மோன்) நார்மல், டி4 (தைராய்டு சுரக்கும் தைராக்சின்) குறைவு என்று வந்திருக்கிறது. தெரிந்த மருந்துக் கடையில் தைராய்டு மாத்திரை வாங்கிக் கொடுத்தார்கள். இரண்டே வாரத்தில் சோர்வு இன்னும் கூடி, வாந்தியும் ஆரம்பித்துவிட்டது. "இது என்ன ஹார்மோன் கோளாறு? பொதுவாக என்னென்ன ஹார்மோன் நோய்கள் இருக்கின்றன, அவை உடம்பை என்ன செய்யும், வாழ்நாள் முழுக்க மாத்திரைதானா?" என்று கேட்கிறார்.

அவசரமானதை முதலில் சொல்லிவிடுகிறேன். அக்காவை இன்றே ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போங்கள். ஓ.பி. சீட்டு போட்டு வரிசையில் உட்கார வேண்டாம், நேராக அவசரப் பிரிவுக்கே போங்கள். ரத்த அழுத்தம், சர்க்கரை, சோடியம் மூன்றையும் உடனே பார்க்கச் சொல்லுங்கள். அடுத்த தைராய்டு மாத்திரை போடுவதற்கு முன் ஒரு மருத்துவர் அவரைப் பார்த்தாக வேண்டும். அவரிடம் இதை ஒரே மூச்சில் சொல்லுங்கள்: பிரசவத்தில் நிறைய ரத்தம் போனது, பால் சுரக்கவில்லை, அப்புறம் மாதவிலக்கு வரவில்லை, இப்போது தைராய்டு மாத்திரை ஆரம்பித்தபின் வாந்தி. நான்கையும் சேர்த்துக் கேட்கும் மருத்துவருக்குப் பிட்யூட்டரி சுரப்பியின் மேல் சந்தேகம் வந்துவிடும். இதுவரை பால் வராததைக் குழந்தை டாக்டரிடமும், மாதவிலக்கை மகப்பேறு டாக்டரிடமும், சோர்வை மருந்துக் கடையிலும் தனித்தனியாகச் சொல்லியிருப்பீர்கள். அதனால்தான் மூன்று வருடம் ஓடியிருக்கிறது.

நேரில் பார்க்காமல் நோய் இதுதான் என்று நான் முடிவு கட்டக் கூடாது. ஆனாலும் நீங்கள் எழுதியிருப்பது ஷீஹன் நோய்க்குறி என்ற நிலைக்கு அப்படியே பொருந்துகிறது. 1937-ல் ஷீஹன் என்ற ஆங்கிலேய மருத்துவர் விவரித்தது. கர்ப்ப காலத்தில் மூளையின் அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பி பெரிதாகிறது, அதற்கு ரத்தமும் அதிகம் தேவைப்படுகிறது. பிரசவத்தில் ரத்தம் கொட்டி அழுத்தம் சரிந்தால், அந்தச் சுரப்பிக்கு ரத்தம் போகாமல் அதன் ஒரு பகுதி செத்துவிடும். பாலுக்கான புரோலாக்டின், மாதவிலக்குக்கான ஹார்மோன்கள், தைராய்டை வேலை வாங்கும் டி.எஸ்.எச்., சிறுநீரகத்தின் மேல் இருக்கும் அட்ரினல் சுரப்பியை வேலை வாங்கும் ஏ.சி.டி.எச். எல்லாம் அங்கிருந்துதான் வருகின்றன. அக்குளில் முடி உதிர்ந்திருக்கிறதா என்றும் அக்காவிடம் கேளுங்கள். அதுவும் இதில் ஒரு அடையாளம்.

டி.எஸ்.எச். நார்மல் என்று வந்தும் ஏன் பிரச்சினை? மேல்தொட்டியில் தண்ணீர் குறைந்தால் வீட்டில் யாராவது மோட்டார் போடுவார்கள். தொட்டி காலி, ஆனால் மோட்டார் ஓடும் சத்தமே கேட்கவில்லை என்றால் கோளாறு மோட்டாரில் இல்லை, போட வேண்டிய ஆளிடம் இருக்கிறது. டி4 என்பது தொட்டித் தண்ணீர், டி.எஸ்.எச். என்பது பிட்யூட்டரி போடும் சுவிட்ச். டி4 குறைந்தால் டி.எஸ்.எச். ஏற வேண்டும். ஏறாமல் நார்மலாகவே நின்றால் அது நல்ல செய்தி இல்லை. டி.எஸ்.எச். ஒன்றை மட்டும் பார்க்கும் மலிவு பேக்கேஜ்களில் இந்த நோய் தப்பிவிடும். உங்கள் லேபில் டி4-ம் பார்த்திருப்பது நல்லதாகப் போயிற்று.

மாத்திரை போட்டதும் மோசமானதற்குக் காரணம் கார்டிசோல். அட்ரினல் சுரப்பியில் இருந்து வரும் இந்த ஹார்மோன்தான் ரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் தாங்கிப் பிடிக்கிறது. பிட்யூட்டரி செத்தவர்களுக்கு இதுவும் குறைவாகவே இருக்கும். அந்த நிலையில் தைராக்சினைக் கொடுத்தால் உடம்பின் வேகம் கூடும், இருக்கிற கொஞ்சம் கார்டிசோலும் சீக்கிரம் தீரும். அழுத்தம் சரிந்து உயிருக்கே ஆபத்தாகலாம். ஆகவே இரண்டும் குறைவாக இருந்தால் முதலில் ஸ்டீராய்டு, அதாவது கார்டிசோலுக்கு ஈடான மருந்து, பிறகுதான் தைராக்சின். இந்த வரிசை மாறக் கூடாது. காலை 8 மணி வாக்கில் எடுக்கும் ரத்தத்தில் கார்டிசோல் டெசிலிட்டருக்கு 3 மைக்ரோகிராமுக்குக் கீழே இருந்தால் குறைபாடு என்று ஏறக்குறைய உறுதி. இடைப்பட்ட அளவென்றால் ஊசி போட்டுப் பார்க்கும் இன்னொரு பரிசோதனை உண்டு. அக்கா மயக்க நிலைக்குப் போனால் ரிசல்ட்டுக்குக் காத்திருக்காமல் ஹைட்ரோகார்டிசோன் ஊசியைப் போட்டுவிடுவார்கள், அதுதான் முறை.

நோய் உறுதியானால் தினம் சிறு அளவு ஹைட்ரோகார்டிசோன் அல்லது பிரெட்னிசலோன், அதற்குப் பிறகு தைராக்சின், தேவைப்பட்டால் பெண் ஹார்மோன்களும். ஆமாம், வாழ்நாள் முழுக்கத்தான். ஆனால் உடம்பு தானே செய்ய வேண்டியதை வெளியிலிருந்து கொடுக்கிறோம், அவ்வளவுதான். சில வாரங்களில் ஆளே மாறிவிடுவார். காய்ச்சல் வந்தால் அந்த நாட்களில் ஸ்டீராய்டு அளவை இரட்டிக்க வேண்டும், வாந்தியால் மாத்திரை தங்காவிட்டால் ஊசி வேண்டும். "ஸ்டீராய்டு குறைபாடு உள்ளவர், அவசரத்தில் ஹைட்ரோகார்டிசோன் 100 மி.கி." என்று எழுதிய சீட்டு ஒன்று எப்போதும் அவர் பர்ஸில் இருக்கட்டும்.

இனி பொதுக் கேள்விக்கு வருகிறேன். யாராவது "ஹார்மோன் ப்ராப்ளம்" என்று சொன்னால் அதோடு விடாதீர்கள். எந்தச் சுரப்பி? கூடியிருக்கிறதா, குறைந்திருக்கிறதா? சுரப்பியே கெட்டதா, அதை ஏவும் இடம் கெட்டதா, இல்லை வெளியிலிருந்து போன மருந்தா? இவற்றுக்குப் பதில் தெரியாமல் ஆரம்பிக்கும் மாத்திரை எதுவும் குருட்டு வைத்தியம்தான்.

நம் பக்கம் அதிகம் பார்ப்பது தைராய்டு குறைவு. பெரும்பாலும் உடம்பின் எதிர்ப்புச் சக்தியே தைராய்டைத் தாக்குவதால் வருவது. சோர்வு, மலச்சிக்கல், தோல் வறட்சி, முடி உதிர்வு, குரல் கரகரப்பு, மாதவிலக்கில் அதிகப் போக்கு. எடை கூடும், ஆனால் மக்கள் நினைக்கும் அளவுக்கு இல்லை. சில கிலோ ஏறலாம், இருபது கிலோ ஏறியதற்குத் தைராய்டின் மேல் பழி போட முடியாது. டி.எஸ்.எச். 5, 6 என்று லேசாக ஏறி டி4 சரியாக இருந்தால், பெரும்பாலானவர்களுக்கு உடனே மாத்திரை தேவையில்லை. இரண்டு மூன்று மாதம் கழித்து மறுபடி பார்த்தால் பலருக்குத் தானே இறங்கியிருக்கும். 10-ஐத் தாண்டினாலோ, கர்ப்பமாக இருந்தாலோ, கர்ப்பத்துக்குத் தயாராகிக்கொண்டிருந்தாலோ கதை வேறு. ஏற்கெனவே மாத்திரை போடும் பெண் கர்ப்பமானால், தெரிந்த உடனேயே அளவைக் கூட்ட மருத்துவரைப் பார்க்க வேண்டும். முதல் மூன்று மாதம் குழந்தையின் மூளைக்குத் தாயின் தைராக்சின்தான் ஆதாரம். "கர்ப்ப காலத்தில் மாத்திரை வேண்டாம்" என்று மாமியாரோ அண்டை வீட்டாரோ சொல்லி நிறுத்துவதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனம் பதறுகிறது.

மாத்திரையை விழுங்கும் முறையிலேயே பாதி வெற்றி இருக்கிறது. காலையில் வெறும் வயிற்றில், வெறும் தண்ணீரோடு. காபிக்கும் டிபனுக்கும் முன் குறைந்தது அரை மணி, முடிந்தால் ஒரு மணி நேரம். இரும்புச்சத்து, கால்சியம் மாத்திரைகளுக்கும் இதற்கும் நான்கு மணி நேர இடைவெளி. அளவை மாற்றினால் ஆறு வாரமாவது கழித்துத்தான் மறுபடி டெஸ்ட், அதற்கு முன் எடுத்தால் காசு வீண். அப்புறம் வேலூர் வெயில். தைராக்சின் சூட்டில் கெடும். அக்னி நட்சத்திரத்தில் ஜன்னல் ஓரத்திலும், அடுப்பு மேடைக்கு மேலேயுள்ள அலமாரியிலும் பாட்டிலை வைத்துவிட்டு, "அதே மாத்திரைதான் போடுகிறேன், டி.எஸ்.எச். மட்டும் ஏறுகிறது" என்று வருபவர்கள் உண்டு. வீட்டிலேயே குளிர்ச்சியான, இருட்டான இடத்தில் வையுங்கள்.

சாப்பாட்டு விலக்குகள் பற்றி நிறைய பேர் பயப்படுகிறார்கள். சமைத்த முட்டைக்கோஸ், காலிஃபிளவர் சாதாரண அளவில் சாப்பிடலாம். இலவம்பாடி முள்ளுக் கத்தரிக்காயையும் யாரும் ஒதுக்க வேண்டியதில்லை. கவனிக்க வேண்டியது உப்பு. நம் வீடுகளில் இன்னும் கல்லுப்புதான் புழங்குகிறது. அதில் பல அயோடின் சேர்க்காதவை. உணவுக்கு அயோடின் சேர்க்காத உப்பை விற்க 2006 முதல் நாடு முழுக்கத் தடை இருந்தும் மூட்டையில் வருவது வந்துகொண்டுதான் இருக்கிறது. பாக்கெட்டில் அயோடின் கலந்தது என்று இருக்கிறதா பாருங்கள், மூடி போட்ட டப்பாவில் வையுங்கள். இந்துப்பு உடம்புக்கு நல்லது என்று மாறியவர்களுக்கும் இதையே சொல்கிறேன், கர்ப்பிணி இருக்கும் வீட்டில் அந்த மாற்றம் வேண்டாம்.

தைராய்டு கூடினால் நேர்மாறு. நன்றாகச் சாப்பிட்டும் உடம்பு இளைக்கும், கை நடுங்கும், நெஞ்சு படபடக்கும், வியர்வை கொட்டும், சிலருக்குக் கண் பிதுங்கும். வேலூர் கோடையில் இதையெல்லாம் "உடம்புச் சூடு" என்று இளநீர் கொடுத்தே மாதங்களைக் கடத்திவிடுகிறார்கள். இதற்குத் தரும் கார்பிமசோல் மாத்திரையைப் போடுபவர்கள் ஒன்றை மறக்கக் கூடாது: காய்ச்சலோ தொண்டை வலியோ வந்தால் மாத்திரையை நிறுத்திவிட்டு அன்றே வெள்ளை அணுக்களை எண்ணிப் பார்க்க வேண்டும். அரிதுதான், ஆனால் வந்தால் ஆபத்து.

அடுத்ததை அழுத்தமாகவே சொல்ல வேண்டும். உடம்பில் கார்டிசோல் கூடிப்போன கோலத்தில் வருபவர்களில் பெரும்பாலானோருக்குக் கட்டி எதுவும் இருக்காது, மருந்துதான் காரணமாக இருக்கும். மூட்டு வலிக்கும் மூச்சு இழுப்புக்கும் பொட்டலம் மடித்துத் தரும் பெயரில்லாத பொடி, வண்ண மாத்திரைகளை உடைத்துக் கலந்து கொடுக்கும் "செட்டு", எடை ஏற வேண்டும் என்று ஒல்லிப் பெண்களுக்குத் தரும் மாத்திரை, முகம் வெளுக்க என்று பூசும் கிரீம். இவற்றில் பலவற்றில் பீட்டாமெத்தசோன், டெக்ஸாமெத்தசோன் போன்ற ஸ்டீராய்டுகள் இருக்கின்றன. இரண்டே நாளில் வலி பறந்துவிடும், "கைராசி டாக்டர்" என்று பெயரும் வரும். ஆறு மாதத்தில் முகம் உருண்டையாகும், வயிறு பெருக்கும், கை கால் மெலியும், வயிற்றில் ஊதா நிறக் கோடுகள் விழும், லேசாக இடித்தாலே ரத்தம் கன்றும், சர்க்கரையும் பி.பி.யும் ஏறும், எலும்பு தேயும். பயந்துபோய்த் திடீரென்று நிறுத்துவது அடுத்த ஆபத்து. இத்தனை நாள் வேலையில்லாமல் தூங்கிவிட்ட அட்ரினல் சுரப்பி உடனே எழுந்திருக்காது, உங்கள் அக்காவுக்கு நடப்பதாக நான் சந்தேகப்படும் அதே கார்டிசோல் பற்றாக்குறை இவர்களுக்கும் வரும். சில வாரங்களுக்கு மேல் அப்படி ஒரு பொடி சாப்பிட்டிருந்தால் அதை மருத்துவரிடம் வெட்கப்படாமல் காட்டி, படிப்படியாகக் குறைக்க வேண்டும். மருத்துவர் பரிந்துரைத்து, அளவோடு தரும் ஸ்டீராய்டு வேறு. அது பலரின் உயிரைக் காப்பது, அதைப் பயந்து நிறுத்த வேண்டாம்.

அட்ரினலே கெட்டுப்போகும் நோயும் உண்டு. 1855-ல் தாமஸ் அடிசன் விவரித்தது. நம் நாட்டில் அதற்குக் காசநோய் ஒரு முக்கியக் காரணம். எடை குறைந்து, உப்பு மேல் ஆசை கூடி, ஈறும் உள்ளங்கை ரேகையும் கறுத்துக்கொண்டே போனால் இதை நினைக்க வேண்டும்.

வயசுப் பெண்களுக்கு மாதவிலக்கு தள்ளிப்போய், முகத்தில் முடி, பரு வந்தால் பி.சி.ஓ.எஸ். எனும் சினைப்பை நீர்க்கட்டி நோயாக இருக்கலாம். ஸ்கேனில் தெரியும் நீர்க்கட்டிகள் புற்றுக் கட்டிகள் அல்ல, முதிராமல் நின்ற கருமுட்டைப் பைகள். அறுவை சிகிச்சை என்று ஓட வேண்டாம். எடை அதிகமுள்ளவர்கள் உடல் எடையில் 5 முதல் 10 சதவீதம் குறைத்தாலே பலருக்கு மாதவிலக்கு சீராகிறது. கழுத்தைச் சுற்றிக் கறுத்திருப்பதைக் கல்யாணத்துக்கு முன் எலுமிச்சம்பழம் தேய்த்துப் போக்கப் பார்க்கிறார்கள். அது அழுக்கில்லை, இன்சுலின் சரியாக வேலை செய்யாததன் அடையாளம், சர்க்கரை பார்க்க வேண்டும். பிரசவம் இல்லாமல் மார்பில் பால் கசிந்தால் புரோலாக்டின் பார்ப்பார்கள். அதற்கு முன் "கேஸ் மாத்திரை" சாப்பிடுகிறார்களா என்று பாருங்கள். டோம்பெரிடோன் சேர்ந்தவை புரோலாக்டினை ஏற்றும். அது தெரியாமல் மூளை ஸ்கேன் வரை போய்ச் செலவழித்தவர்கள் இருக்கிறார்கள்.

சர்க்கரை நோய் பற்றி எல்லோருக்கும் ஓரளவு தெரியும் என்பதால் வேலூரோடு தொடர்புள்ள ஒன்றை மட்டும் சொல்கிறேன். ஒல்லியான, சிறு வயதில் சரியான சாப்பாடில்லாமல் வளர்ந்த இளைஞர்களுக்கு வரும் ஒரு வகை உண்டு. 1955-ல் ஜமைக்காவில் முதலில் குறித்தார்கள். 1985-ல் உலக சுகாதார நிறுவனம் அதைத் தனி வகையாகப் பட்டியலில் சேர்த்து, 1999-ல் நீக்கியது. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியான சி.எம்.சி.யில் இத்தகைய நோயாளிகளைப் பல காலமாக ஆராய்ந்து வந்தார்கள். 2025 ஜனவரியில் பல நாட்டு நிபுணர்கள் வேலூரில் கூடிப் பேசினார்கள். அதே வருடம் பாங்காக்கில் சர்வதேச நீரிழிவுக் கூட்டமைப்பு அதை "டைப் 5" என்று ஏற்றது. இவர்களுக்கு இன்சுலின் சுரப்பு குறைவு, ஆனால் உடம்பு இன்சுலினை நன்றாக ஏற்கும். ஆகவே டைப் 1 என்று நினைத்து அதிக இன்சுலின் கொடுத்தால் சர்க்கரை அபாயகரமாக இறங்கும். ஒல்லியாக இருக்கும் தம்பிக்குச் சர்க்கரை என்றால் எந்த வகை என்று கேட்கத் தயங்காதீர்கள். இன்னொன்று: கேழ்வரகுக் களி சர்க்கரைக்கு நல்லது என்று இரண்டு மூன்று உருண்டை சாப்பிடுவது தவறு. அதிலும் மாவுச்சத்துதான், அளவு முக்கியம்.

சிறுநீரகக் கல் நம் மாவட்டத்தில் எந்தத் தெருவிலும் யாருக்காவது இருக்கும். தண்ணீரையும் வெயிலையும் சொல்வோம். ஆனால் கல் திரும்பத் திரும்ப வந்து, எலும்பு வலியும் இருந்தால் ரத்தத்தில் கால்சியம் பாருங்கள். கழுத்தில் தைராய்டுக்குப் பின்னால் அரிசிமணி அளவில் நான்கு பாராதைராய்டு சுரப்பிகள் உண்டு. அதில் ஒன்று வீங்கி எலும்பிலிருந்து கால்சியத்தை உறிஞ்சலாம். அந்த ஒன்றை எடுத்துவிட்டால் பெரும்பாலும் குணமாகிவிடும். கூடவே, வைட்டமின் டி 60,000 யூனிட் பாக்கெட் வாரம் ஒன்று என்று எழுதியதைத் தினம் ஒன்றாகக் குடித்தாலும், முதுகு வலிக்கு அதன் பெரிய ஊசியைத் திரும்பத் திரும்பப் போட்டாலும் கால்சியம் ஏறிச் சிறுநீரகம் கெடும்.

மெதுவாக வரும் நோய்கள் வீட்டாரின் கண்ணுக்குத் தப்பும். ஆம்பூர், ராணிப்பேட்டை ஷூ கம்பெனிகளில் வேலை செய்பவர்களுக்கு இது உடனே புரியும்: வளர்ந்த ஆளுக்கு ஷூ அளவு மாறக் கூடாது. 35 வயதுக்கு மேல் ஒருவருக்கு 8-ம் நம்பர் 9 ஆகி, மோதிரம் இறுகி, தாடை நீண்டு, பல்லுக்கு நடுவே இடைவெளி விழுந்தால் பிட்யூட்டரியில் வளர்ச்சி ஹார்மோன் கட்டி இருக்கலாம். பத்து வருடம் முந்தைய கல்யாண ஆல்பத்தை மருத்துவரிடம் கொண்டுபோங்கள், அதைவிட நல்ல சாட்சி கிடையாது. மூக்கு வழியாகவே அந்தக் கட்டியை எடுக்கிறார்கள்.

குழந்தைகள் விஷயத்தில் நாள் கணக்கு முக்கியம். பிறவியிலேயே தைராய்டு இல்லாத குழந்தைக்கு முதல் இரண்டு வாரத்துக்குள் தைராக்சின் ஆரம்பித்தால் மூளை வளர்ச்சி காப்பாற்றப்படும், தவறினால் இழந்ததைத் திரும்பப் பெற முடியாது. பிறந்ததும் தொப்புள்கொடியிலோ, இரண்டு மூன்று நாளில் குதிகாலிலோ ரத்தம் எடுத்துப் பார்க்கும் சோதனை செய்தார்களா என்று டிஸ்சார்ஜுக்கு முன் கேளுங்கள். பெண் பிள்ளைக்கு 8 வயதுக்கு முன்னும், ஆண் பிள்ளைக்கு 9 வயதுக்கு முன்னும் பருவ மாற்றம் தெரிந்தால் காட்டுங்கள்.

எங்கே போவது என்பதற்கு: அவசரத்துக்கு அருகில் உள்ள அரசு மருத்துவமனை, இல்லையென்றால் அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி. அவசரமில்லாத, சிக்கலான ஹார்மோன் நோய்க்கு சி.எம்.சி.யில் தனித்துறையே இருக்கிறது. வங்காளத்திலிருந்தும் ஜார்கண்டிலிருந்தும் ரயிலேறிக் காட்பாடியில் வந்து இறங்குகிறார்கள், நமக்கு அது பஸ் தூரம். சர்க்கரை, பி.பி. மாத்திரைகள் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வருகின்றன. எங்கே போனாலும் பழைய ரிப்போர்ட்டுகள், பிரசவ டிஸ்சார்ஜ் சீட்டு, சாப்பிடும் எல்லா மாத்திரை அட்டைகளும், அந்தப் பொட்டலப் பொடியும்கூடப் பையில் இருக்கட்டும். முடி வளர என்று பயோட்டின் மாத்திரை சாப்பிட்டால் தைராய்டு டெஸ்ட்டுக்கு இரண்டு நாள் முன்பே நிறுத்துங்கள், அது ரிசல்ட்டைப் பொய்யாக்கும்.